சத்தத்தைச் சரிசெய்யவில்லை, எஞ்சினைச் சூடாக்கிக் கொடுத்தார்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கும். 10 நிமிடம் ஓட்டினால் காணாமல் போய்விடும். மறுநாள் காலை மறுபடியும் ஆஜர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து அரை நிமிடம் காது கொடுத்தார். டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை விரலில் தேய்த்தார். "கனெக்டிங் ராடு பேரிங் போயிடுச்சு சார். இப்படியே ஓட்டினா ராடு உடைஞ்சு பிளாக்கையே ஓட்டை போட்டுடும்" என்றார். பிஸ்டனின் அசைவை கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டுக்குக் கடத்துவதுதான் அந்த ராடு. இரண்டும் சேரும் இடத்தில் உட்காரும் உலோக அரைவளைய ஜோடிதான் பேரிங். ராடு உடைந்து எஞ்சினின் உடலான பிளாக்கை ஓட்டை போடுவது உண்டுதான். அதனாலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சத்தம் எப்போது வருகிறது, சூடானபின் என்ன ஆகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை.

4 நாள் கழித்து, மாலையில் வண்டியை எடுக்கப் போனேன். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு ரவுண்டு போயிட்டு இப்பதான் வந்தோம், நீங்களே கேட்டுப் பாருங்க சார்." சத்தமே இல்லை. கழற்றிய பேரிங் என்று தேய்ந்துபோன ஒரு ஜோடியைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். பணம் கட்டிவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றிதான் இன்றைக்கும் எரிகிறது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால், டிக் டிக் டிக்.

போன் செய்தால், "புது பேரிங் சார், கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள்.

அப்புறம் நண்பர் சொன்ன இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் அன்று பானெட்டைத் திறக்கவே இல்லை. "ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. காலையில நான்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்றார். மறுநாள் நானும் கூட நின்றேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுநுனியை, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். கடைசி சிலிண்டர் பக்கம் வந்ததும் நிறுத்திக் குழாயை என்னிடம் நீட்டினார். காதுக்குள் யாரோ விட்டுவிட்டுத் துப்புவது போல் இருந்தது. அந்த இடத்தில், மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டின் விளிம்பெல்லாம் கரி. மேனிஃபோல்டைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்டட் என்ற திருகாணி ஒன்று முறிந்து, அங்கே இடைவெளி விழுந்திருந்தது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளி வழியாகப் புகை அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அதுதான் டிக் டிக். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுகிறது, சத்தம் நின்றுவிடுகிறது. ராடு பேரிங் போயிருந்தால் கதையே வேறு என்றார் அவர். அந்தச் சத்தம் இப்படி மெலிதாக இருக்காது, 'டொக் டொக்' என்று கனமாக அடிக்கும். சூட்டில் ஆயில் இளகுவதால் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். மேட்டில் இழுக்கும்போது இன்னும் மோசம். 'சூடானால் போய்விடுகிறது' என்று நான் சொல்லியிருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும். இந்தக் கசிவையும் சும்மா விடக்கூடாதாம். வெளியேறும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது காருக்குள் வந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

சரி, அப்படியானால் முதல் ஆள் என்னதான் செய்தார்? இரண்டாவது மெக்கானிக் வண்டியைத் தூக்கி அடியில் காட்டினார். ராடு பேரிங்கை மாற்ற, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். என் சம்ப் போல்ட்டுகளின் மேல் பல வருட அழுக்கு அப்படியே அப்பியிருந்தது. ஒரு ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. காகிதத்தில் மடித்துத் தந்த பேரிங்கை எடுத்துக் காட்டினேன். திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கம் 0.50 என்று குத்தியிருந்தது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து அரை மில்லிமீட்டர் சிறிதாக்கிய எஞ்சினுக்குப் போடுவது அது. என் காரை நான் புதிதாக வாங்கினேன். அதன் எஞ்சினை இதுவரை யாரும் பிரித்ததே இல்லை. வேறு யாருடைய வண்டியின் பேரிங்கோ, இத்தனை நாள் என் மேஜை டிராயரில் இருந்திருக்கிறது.

புது ஸ்டட், புது கேஸ்கட், அரை நாள் வேலை. சத்தம் போய்விட்டது.

பேரிங்கையும் சம்ப் போல்ட்டுகளின் படங்களையும் எடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் "பையன் பார்ட்ஸை மாத்திக் கொடுத்துட்டான்" என்றார்கள். சம்ப் படத்தைக் காட்டியதும் பேச்சு நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அது முடியாது சார். வேணும்னா அடுத்த சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்" என்றார்கள்.