நிலத்தடி வடிகால் குழாய்: கடைசி ஆறு மீட்டர்தான் பிரச்சினை

வயல் நீரை வடிக்கும் குழாய் வாய்க்காலில் திறக்கும் வாய்முனையைத் தோண்டி மாற்றிய கையோடு எழுதுவதால் இதில் கொஞ்சம் சூடு இருக்கும். குழாயின் மேல் குறையே இல்லை. கனத்த களிமண்ணில் 100 மி.மீ. நெளிவுத் துளைக்குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில், 10 முதல் 15 மீட்டர் இடைவெளியில் போட்டால் மழை விட்டபின் டிராக்டர் இறங்கும் நாள் முந்துகிறது. வேர் கீழே போகிறது, மண் காற்று வாங்குகிறது. மோட்டாரும் கரண்டும் இல்லாமல் மண்ணுக்குள் கிடந்து ராப்பகலாக உழைக்கும் பொருள் இது.

எரிச்சலெல்லாம் அது வெளியே தலைகாட்டும் இடத்தில்தான். வயலுக்குள் மட்டம் பார்த்துப் பார்த்துப் பதித்துவிட்டு, அதே நெளிவுக் குழாயைக் கரைவரை இழுத்து வந்து அறுத்து விட்டுவிடுகிறார்கள். வெயிலில் அது நொறுங்குகிறது. கரைப்புல்லுக்கு வைக்கும் தீயில் உருகுகிறது. துளை வழியே கரைக்குள் நீர் கசிந்து மண் இளகி, கரை சரியும்போது குழாயும் சேர்ந்து தொங்குகிறது.

அதைவிட மோசம், வாய் முழுகுவது. வாட்டம் 1000-க்கு 1 என்றால் 100 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். வாய்க்காலில் வண்டல் ஏறி, குழாயின் அடிமட்டத்துக்கு மேல் 20 செ.மீ. தண்ணீர் நின்றால், வாயிலிருந்து 200 மீட்டர் தூரம் குழாய்க்குள்ளும் தண்ணீர் நிற்கும். ஓட்டம் தளர்ந்ததும் நுண்மணல் படியத் தொடங்கும். ஈரம் தெரிவதோ வயலின் நடுவில். அங்கே பொக்லைனை இறக்கி, நன்றாக இருக்கும் குழாயைக் கிழித்துவிட்டு வருகிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது வாயை.

சரிசெய்யும் முறை இது. கரையிலிருந்து உள்ளே 4, 5 மீட்டர் தோண்டி, நல்ல குழாய் கிடைக்கும் இடத்தில் அறுக்கவும். துளையில்லாத கெட்டிக் குழாய் 6 மீட்டர் நீளம் வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு கரைக்குள் புதைந்திருக்கவேண்டும். இணைப்புக்கு உரிய கப்ளர் போடுங்கள். சாக்கைச் சுற்றிக் கட்டினால் அந்த இடத்தில்தான் மண் உள்ளே போகும், மேலே குழி விழும். களிமண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு இடித்து நிரப்புங்கள். தளர்வாகக் கொட்டினால் முதல் பெருமழையில் குழாயை ஒட்டியே நீர் வழி எடுக்கும். வாயின் அடிமட்டம் வாய்க்காலின் வழக்கமான நீர்மட்டத்துக்குக் குறைந்தது 30 செ.மீ. மேலே இருக்கவேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்பவும். எலியும் தவளையும் நுழையாமலிருக்கக் கம்பித் தடுப்பு அவசியம், ஆனால் அது கழற்றவோ திறக்கவோ வரவேண்டும். நிலையாக அடித்த வலையில் உள்ளிருந்து வரும் வேரும் சக்கையும் சிக்கி, காவலுக்கு வைத்ததே அடைப்பாகிவிடும். நீரைத் தேடி வேரோட்டும் வில்லோ, பாப்லர் போன்ற மரங்கள் 30 மீட்டருக்குள் இருந்தால் அந்தப் பகுதிக்கும் துளையில்லாத குழாய்தான். கடைசியாக ஓர் அடையாளக் கம்பம் நடுங்கள். தூர்வார வரும் எந்திரம் வாயை உடைத்துப் போவது இது இல்லாததால்தான்.

குழாய் போட்டாயிற்றே என்று மேல்வாய்க்காலை, அதாவது வயலின் மேற்பரப்பில் வெட்டிய ஆழமில்லாத வடிகாலை, மூடுவது தவறு. நாளுக்கு 10 மி.மீ. வடிக்கவே ஒரு ஹெக்டேருக்கு ஒரு லட்சம் லிட்டர் போகவேண்டும். 1000-க்கு 1 வாட்டத்தில் 100 மி.மீ. குழாய் முழுதாக ஓடினாலும் நொடிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர்தான், அதாவது சுமார் 1.2 ஹெக்டேருக்கு. வயலில் 50 மி.மீ. நீர் தேங்கினால் குழாய்க்கு ஐந்து நாள் வேலை. முழுகிய இளம் மக்காச்சோளம் தாங்குவது 2 முதல் 4 நாள். தேங்கிய நீரை மேல்வாய்க்கால்தான் எடுக்கும்: 20, 30 செ.மீ. ஆழம் போதும், பக்கச்சரிவு 8-க்கு 1 என்று விரிந்திருந்தால் டிராக்டர் குறுக்கே ஏறி இறங்கும். வெட்டிய மண்ணை ஓரத்தில் வரப்பாக விடாமல் வயலின் தாழ்ந்த இடங்களில் பரப்புங்கள்; இல்லையென்றால் தண்ணீர் உள்ளேயே வராது. அது வாய்க்காலில் விழும் இடத்தைக் குழாய்வாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கரை அரித்துக் குழாய் அந்தரத்தில் நிற்கும்.

இத்தனை புகழ்ந்துவிட்டு, போடலாமா என்று கேட்பவருக்கு இன்று என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் வாய்க்காலைத் தூர்வாரி மட்டம் பாருங்கள். வாய்க்கு அந்த 30 செ.மீ. கிடைக்காத நிலமென்றால் தொட்டி கட்டி பம்ப் வைத்து இறைக்கவேண்டியதுதான். மோட்டாரில்லாத சுகமும் அதோடு போயிற்று.