தானாகச் சுற்றும் சில்லு: ஆடும் கையா, உருளும் குண்டா?

வெளிவிசை இல்லாமல் என்றைக்கும் சுற்றும் என்று நினைத்து வரைந்த சில்லு உண்மையில் நின்றுவிடும், திருகோணமலையில் அதைச் செய்து பார்க்க பழைய சைக்கிள் றிம்மும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டும் போதும். மடங்கும் கைகளில் பாரம் தொங்குவது 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் வில்லார் த ஒன்கூர் வரைந்த வழி: இறங்கும் பக்கம் கைகள் டக்கென்று விரியும், இனி நிற்கவே நிற்காது என்றுதான் தோன்றும், ஆனால் ஏறும் பக்கம் எண்ணிப் பாருங்கள், அங்கே குண்டுகள் அதிகம், அச்சிலிருந்து தள்ளி நிற்கும் தூரத்தில் கிடைத்த லாபத்தை எண்ணிக்கை விழுங்கிவிடும். வளைந்த அறைகளுக்குள் குண்டு உருளும் வகைக்கும் அதே கதிதான். செய்வதும் கஷ்டம், அறைகள் ஒரே வளைவில் வராவிட்டால் சில்லு நிற்பது வடிவத்தாலா கைவேலையாலா என்றே புரியாது. பழைய இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர் சொன்ன, உள்ளே பாதரசம் ஊற்றிய சில்லு வேண்டவே வேண்டாம், நஞ்சு. என் தெரிவு ஆடும் கைதான், ஏன் நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே எண்ணலாம். அப்புறம், அச்சுக்குப் புது பெயாரிங் போடுங்கள், கடற்காற்றில் துருப்பிடித்தது சரிவராது.