வாட்டை விடுங்கள், டியூப்ளெக்சரைப் பாருங்கள்

எங்கள் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் குழுவின் இரண்டு மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டர், அதாவது மெலிந்த சிக்னலை வாங்கி வலுவாகத் திருப்பி அனுப்பும் நிலையம், மலைமேல் நின்று பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. புதிதாக ஒன்று அமைக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எத்தனை வாட்?” என்றுதான். ஒரே ஆன்டெனாவில் கேட்பதையும் அனுப்புவதையும் பிரித்து வைக்கும் வடிகட்டியான டியூப்ளெக்சருக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டுக்கொண்டே, அதே ஆன்டெனாவில் 145.600-இல் அனுப்ப வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் 25 வாட் என்பது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). ரிசீவர் பிடிக்க வேண்டிய 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலோ மைனஸ் 121 டிபிஎம். நடுவில் 165 டெசிபல்! டியூப்ளெக்சர் சரியில்லை என்றால் ரிப்பீட்டர் வாய் திறந்த உடனே அதன் காது அடைத்துவிடும். அடிவாரத்திலிருந்து 5 வாட் கையடக்க ரேடியோவில் கூப்பிடுபவருக்குத்தான் நட்டம்.

மலிவாகக் கிடைக்கும், ஆறு சிறிய கேவிட்டிகள் (குறிப்பிட்ட அலைவரிசைக்கு டியூன் செய்யும் உலோகக் குடுவைகள்) கொண்ட டியூப்ளெக்சர்கள் பல மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கென்று செய்யப்பட்டவை. நமது 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அவை உதவாது. இந்த அலைவரிசையில் கால் அலைநீளமே ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். ஆளுயரத்தில் பாதிக்கு நிற்கும் பெரிய கேவிட்டிகளைத்தான் வாங்க வேண்டும். உள்ளே டியூனிங்கிற்கு இன்வார் (வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் உலோகக் கலவை) கம்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலையில் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் டியூனிங் நகராமல் காப்பது அதுதான்.

டியூனிங்கிற்கு நானோவிஎன்ஏ என்னும் சிறிய அளவுகருவி போதும், ஆனால் அதன் வரம்பு தெரிந்திருக்க வேண்டும். சுமார் 70 டெசிபலுக்கு மேல் குறைந்துபோன சிக்னல் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கேவிட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பூட்டு நட்டை இறுக்கும்போது தடுக்கப்படும் அலைவரிசையைத் திரையில் காட்டும் பள்ளம் மெல்ல நழுவும். அந்த நழுவலையும் கணக்கில் வைத்துச் சற்று முன்னதாகவே கம்பியை நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் இணைத்த பின் ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு மாட்டி, ரிசீவருக்கு இரைச்சலோடு கேட்கும் அளவுக்கு மெலிந்த சிக்னலைக் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரைப் போட்டுப் போட்டு அணையுங்கள். அனுப்பும்போது இரைச்சல் சிறிதும் அதிகரிக்கக் கூடாது. இந்தச் சோதனையைத்தான் நான் நம்புகிறேன்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் உரசும் வகைக் கேபிள்கள் ரிப்பீட்டரில் கரகரக்கும். வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-214 கேபிள் விலை கூடினாலும் அமைதியாக உழைக்கிறது. எங்களுக்குக் காற்றடிக்கும் நாட்களில் மட்டும் ஒரு கரகரப்பு வந்துகொண்டிருந்தது. கோபுரத்தில் துருப்பிடித்த ஒரு கிளாம்ப், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போல் நடந்துகொண்டிருந்தது. துருப்பிடிக்காத எஃகில் மாற்றியதும் நின்றது.

டியூப்ளெக்சரில் 1.5 டெசிபல் போவதால் 25 வாட் 18-க்கும் கீழே இறங்குகிறது. பயன்படுத்துபவர் எவரும் இன்றுவரை அதைக் குறையாகச் சொன்னதில்லை. இப்போது எங்களுக்கு மிஞ்சியிருக்கும் வேலை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இணைப்பிகளின் ரப்பர் டேப்பைப் புதுப்பிப்பதும் மின்விசிறியைத் துடைப்பதும்தான்.