மர அருவாமனை: வாங்கலாமா?

மதுரை வெண்கலக்கடைத் தெருவில் 700 ரூபாய்க்கு வாங்கினேன். கனமான மரப்பலகை, மடக்க முடியாத இரும்பு அலகு, நுனியில் தேங்காய்த் துருவி. கடைக்காரர் முதலில் மடக்கு மாடலைத்தான் எடுத்துப் போட்டார். "இத மேடையில வச்சு நின்னுக்கிட்டே நறுக்கலாம் சார்" என்றார். எனக்குத் தரையில் உட்கார வேண்டும், அதற்குத்தானே இந்தச் செலவு!

ஜிம்மில் டிரெட்மில்லில் வேர்க்க வேர்க்க நடப்பேன், லெக் பிரஸ்ஸில் எடை கூட்டுவேன். ஆனால் கோயிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைத் தேடுவேன். பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோ இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார். தரையில் உட்கார 5 மதிப்பெண், எழ 5. கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் 1 போச்சு, தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயதுக்காரர்களை வைத்து 2012-இல் வந்த ஆய்வில், மதிப்பெண் குறைந்தவர்களிடையே பின்னாளில் இறப்பு அதிகமாக இருந்தது. அருவாமனை வாங்கும் முன் என் கணக்கு 6-ஐத் தாண்டவில்லை.

சரி, அருவாமனைக்கு வருவோம். ஒரு காலை மடக்கிப் பலகையை அழுத்திக்கொண்டு, மற்ற முழங்காலைக் குத்திட்டு உட்கார வேண்டும். முதலில் வலித்தது முழங்கால் இல்லை, இடுப்பும் கணுக்காலும்தான். ஜமுக்காளத்தை நாலாய் மடித்து அடியில் போட்டதும் தாங்க முடிந்தது. உப்பை மறந்து எழுவேன், கறிவேப்பிலைக்கு இன்னொரு தரம் எழுவேன். இப்போது பெரும்பாலும் கை ஊன்றுவதில்லை. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட என் மதினி ஆசைப்பட்டார். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

பூசணியை இரண்டு கையாலும் பிடித்து அலகில் அழுத்தினால் சொன்ன பேச்சு கேட்கிறது. கத்தியில் அது வழுக்கும். கொத்தவரங்காயைக் கொத்தாகப் பிடித்துப் பொடியாக அரியலாம். துருவி மட்டும் சுமார், பற்கள் மழுங்கல்.

அலகில் கூரே இல்லாமல்தான் விற்கிறார்கள், சாணை பிடித்த பிறகுதான் வேலைக்கு ஆனது. எவர்சில்வர் இல்லை என்பதால் வாழைப்பூ நறுக்கினால் கறுத்துப்போகும். உடனே கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பரண்தான் அதற்கு இடம். பலகை இன்னும் இரண்டு விரற்கடை அகலமாக இருந்தால் தேவலை. வெண்டைக்காய்க் காம்பெல்லாம் தரையில்தான் விழுகிறது.