சேர்வராயன் மூடுபனியில் ஒரு அண்டர்லீவர் ஏர் ரைபிள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

எச்டபிள்யூ 97கே என்ற அண்டர்லீவர் ஏர் ரைபிளைக் கையில் வாங்கியதும் முதலில் தெரிவது கனம்தான். ஸ்கோப்பும் அதைத் தாங்கும் மவுண்டும் சேர்த்தால் நாலரைக் கிலோவைத் தாண்டும். ஆடிப் பண்டிகைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டுப் பழகியவர்களுக்கு இது வேறு ஜாதிப் பொருள் என்பது அந்தக் கனத்திலேயே புரிந்துவிடும். பலூன் கடைத் துப்பாக்கியில் பேரலையே மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுவார்கள். இதில் பேரல் அசையாது. அடியில் படுத்திருக்கும் லீவரைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் சிலிண்டர் பின்னால் நகர்ந்து ஸ்பிரிங்கை ஏற்றும். பேரலும் ஸ்கோப்பும் எப்போதும் ஒரே கோட்டில் நிற்பதுதான் இதை இத்தனை நாள் விடாமல் வைத்திருக்கக் காரணம்.

லீவர் ஆக்‌ஷன் ரைபிள் என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894. அதில் லீவரைத் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், திரும்ப இழுத்தால் அடுத்தது உள்ளே ஏறும். பேரலுக்கு அடியில் குழாய் மாதிரி இருக்கும் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும் வெடிமூட்டியில்) முட்டும். அதனால்தான் அதில் போடும் .30-30 வகைக்குத் தட்டை மூக்குத் தோட்டா வந்தது. அழகான இயந்திரம், ஆனால் அது 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வாங்கி வைத்திருக்க வேண்டிய துப்பாக்கி. ஏற்காட்டிலோ சேலத்திலோ ஒரு சாதாரண ஆளுக்கு லீவரை இழுத்துச் சுடும் சுகம் எட்டும் தூரத்தில் இருப்பது அண்டர்லீவர் ஏர் ரைபிளில்தான். இங்கே லீவர் தோட்டாவை ஏற்றாது, காற்றை அழுத்தும் வேலைக்கு ஸ்பிரிங்கைத் தயார் செய்யும். ஒவ்வொரு பெல்லட்டையும் (ஏர் ரைபிளின் சின்னக் குண்டு) கையால்தான் வைக்க வேண்டும்.

சட்டக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. 2016 ஆயுத விதிகளின்படி .177 (4.5 மி.மீ.) வாய் அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22 வாய் என்றால் சக்தி குறைவாக இருந்தாலும் தேவை. சக்தியைக் கண்டுபிடிக்க, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வேண்டும். 8.44 கிரெய்ன் பெல்லட் என்பது 0.547 கிராம். அது விநாடிக்கு 240 மீட்டரில் போனால் 15.8 ஜூல், 270 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல். ஆகவே "ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தை ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, வேகம் கூடக் கூட உதறலும் கூடும், குறி கெடும். வாங்கிய பில்லையும் அளவு விவரம் அச்சிட்ட தாளையும் துப்பாக்கிப் பையிலேயே வையுங்கள். மலைப் பாதையில் சோதனைச் சாவடி உண்டு.

லீவரை ஏற்றும் முறை: பின்கட்டையைத் தொடையில் ஊன்றி, பேரலின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஒரே இழுப்பில் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். 'டக்' என்ற சத்தம் கேட்டுச் சேஃப்டி பொத்தான் வெளியே வந்தால்தான் முழுதாக ஏறியதாக அர்த்தம். பாதியில் விட்டால் லீவர் உதைக்கும். சிலிண்டர் பின்னால் போனதும் பக்கத்தில் திறக்கும் வாயில்தான் பெல்லட்டைப் பெருவிரலால் அழுத்தி வைக்கிறோம். அந்த நேரம் முழுவதும் இடது கை லீவரை விடவே கூடாது. தடுப்புக் கொக்கி உள்ளே இருக்கிறது என்று நம்பி விரலை விட்டால், கொக்கி தேய்ந்திருக்கும் ஒரு நாளில் பெருவிரல் நுனி போய்விடும். பெல்லட்டின் பாவாடை (விரிந்த பின்பகுதி) விளிம்பு பேரல் முகத்தோடு சமமாக உட்கார வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டர் மூடும்போது நசுங்கி, அந்தக் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

டிரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்யும், ரெகார்டு என்ற வகை. முதல் கட்டம் லேசாக வந்து ஒரு சுவரில் நிற்கும், அங்கிருந்து துளி அழுத்தம் போதும். டிரிகருக்குப் பின்னால் இருக்கும் பெரிய திருகு எடையைக் கூட்டக் குறைக்க உதவும். பக்கத்தில் உள்ள சின்னத் திருகைத் தொடாமல் இருப்பதே உத்தமம். அதைத் தாறுமாறாகத் திருப்பினால் சுவரே காணாமல் போய், எப்போது வெடிக்கும் என்று தெரியாத டிரிகராகிவிடும். சேஃப்டியை ஒருமுறை அமுக்கி எடுத்துவிட்டால் மறுபடி போட லீவரை மீண்டும் இழுக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி பிடி. ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் போய் நின்றதும் முன்னால் இழுக்கும். இவ்வளவும் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் இறுக்கம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். ஆகவே இடது உள்ளங்கையைத் திறந்து, டிரிகர் கார்டுக்குச் சற்று முன்னால், ரைபிள் எடை சமமாக நிற்கும் இடத்தில் தாங்க விடுங்கள். விரல்களால் பற்ற வேண்டாம். தோளிலும் லேசாகத் தொட்டால் போதும். மேசை மேல் வைத்துச் சுடுவதானால் கட்டையை நேராக மணல் மூட்டையில் வைக்காமல் நடுவே கையை வையுங்கள். 25 மீட்டரில் ஐந்து குண்டு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழவில்லை என்றால், பத்தில் எட்டு முறை தப்பு பிடியில்தான். மீதி இரண்டு முறை திருகில்.

திருகு என்று சொன்னது கட்டையின் திருகுகளை. முன்பக்கம் இரண்டு, டிரிகர் கார்டில் ஒன்று. ஒரு டப்பா பெல்லட் (500) முடிவதற்குள் எப்படியும் தளரும். சரியான அளவுத் திருப்புளி இல்லாமல் தொட்டால் திருகுத்தலை வழுக்கிப் போகும். கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு போட்டு, இறுக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் மரம் நசுங்கும். திரெட் லாக்கர் இல்லாத நாளில் நகப் பாலிஷ் தாங்கும். ஸ்கோப் மவுண்ட் திருகுகளுக்கும் இதே கவனம் வேண்டும். இருபக்க உதறலில் மவுண்ட் மெல்லப் பின்னால் ஊர்ந்துவிடும். ரிசீவரின் (ரைபிளின் உடல் குழாயின்) மேலுள்ள குழியில் இறங்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட்தான் இதற்கு மருந்து. பெரிய துப்பாக்கிக்கான விலையுயர்ந்த ஸ்கோப்பை இதில் மாட்டாதீர்கள். அவை ஒருபக்க உதையைத் தாங்கச் செய்தவை, முன்னிழுப்பில் உள்ளே லென்ஸ் தளர்ந்துவிடும். ஏர் ரைபிளுக்கென்று எழுதியிருப்பதும், 10 மீட்டர் வரை ஃபோகஸ் திருப்பக்கூடியதும் வேண்டும்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ரைபிளின் குணம் கொஞ்சம் மாறும். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் காற்று குறைவாக இருப்பதால் பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை மாதிரி நிற்கும் காற்றும் மெலியும். பிஸ்டன் சற்று முரட்டுத்தனமாக மோதும், வேகமும் கொஞ்சம் இறங்கும். குறுக்கே நிற்கும் காற்றும் மெலிந்திருப்பதால் 25 மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஸ்கோப் குமிழை இரண்டு மூன்று கிளிக் திருப்பினால் சரியாகும். மேலே போய் மறுபடி குறி சரிபார்க்காமல் "ரைபிள் கெட்டுப்போச்சு" என்று திருகைத் திருப்ப ஆரம்பிப்பதுதான் தவறு. எடை குறைந்த அலாய் பெல்லட்டை மலையில் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அது சீக்கிரம் வெளியேறிவிடுவதால் மெத்தையே இல்லாமல் பிஸ்டன் நேராக உலோகத்தில் அடிக்கும். 8.4 கிரெய்ன் அளவு, வட்டத் தலை, ஈய பெல்லட்தான் இதற்குச் சரியான ஜோடி.

குறியை 27 மீட்டரில் வைத்தால் 13 முதல் 30 மீட்டர் வரை ஸ்கோப் குறுக்குக் கோட்டையே நம்பிச் சுடலாம். 10 மீட்டரில் சுமார் ஒரு செ.மீ. கீழே விழும், ஸ்கோப் பேரலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் வருவது அது. காற்று விஷயத்தில் ஏமாறக் கூடாது. சில்வர் ஓக் இலை லேசாகத் திரும்பும் அளவுக்குக் குறுக்கே காற்று வீசினாலே 25 மீட்டரில் ஒன்றரை செ.மீ. தள்ளும். காப்பித் தோட்டத்து வரிசைகளுக்கு நடுவே காலை ஏழு மணிக்குக் கிடைக்கும் அசைவற்ற அரைமணி நேரம் இந்த ரைபிளுக்காகவே படைத்தது போலிருக்கும்.

குண்டு தாங்கியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பழைய காப்பிக்கொட்டைச் சாக்கில் கிழிந்த துணியை அரையடிக்கு மேல் தடிமனாகத் திணித்து, பின்னால் தடித்த சில்வர் ஓக் பலகை நிறுத்தினால் போதும். நேராக நிற்கும் இரும்புத் தகடும் கருங்கல் சுவரும் வேண்டவே வேண்டாம், ஈயம் திரும்பி முகத்துக்கு வரும். சுடுபவர், பக்கத்தில் நிற்பவர் இருவருக்கும் கண்ணாடி அவசியம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள், விரலில் இருப்பது ஈயம்.

வேட்டை பற்றிக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. சேர்வராயன் மலையில் எதையும் சுடக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டுமின்றிக் காயப்படுத்துவதும், முயல்வதும்கூட வேட்டைதான். காக்கை, வௌவால் போன்றவற்றைச் சுடலாம் என்று பெரியவர்கள் சொல்வது அந்தச் சட்டத்தில் தொல்லை தரும் உயிரினங்களைப் பட்டியலிட்ட பழைய ஐந்தாம் அட்டவணையை வைத்து. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையை விரட்ட ஏர் ரைபிளை எடுப்பது எல்லாவற்றிலும் மோசம். 16 ஜூல் அதற்குக் கொசுக்கடி, கோபம் மட்டும் வரும். காகிதமும் காலி டப்பாவும் இந்த ரைபிளின் திறமை முழுவதையும் காட்டப் போதுமானவை.

கடைசியாக, இந்த ஊரில் ரைபிளை உண்மையில் தின்னும் விஷயம்: ஈரம். ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காரும். நுரை வைத்த பையில் மூடி வைத்தால் நுரை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே வாரத்தில் ரிசீவரில் செம்புள்ளி போட்டுவிடும். திறந்த அலமாரியில், சுவரைத் தொடாமல் நிறுத்துங்கள். கையால் தொட்ட ஒவ்வொரு முறையும் எண்ணெய் தோய்த்த துணியால் வெளி உலோகத்தைத் துடையுங்கள். சேலத்துச் சித்திரை வெயில் வியர்வைக்கும் இதே வைத்தியம்தான். லீவர் கீல், லீவர் மாட்டும் கொக்கி, மவுண்ட் அடி, இந்த மூன்று இடங்களில்தான் துரு முதலில் தலைகாட்டும். வெளியே குளிரில் வைத்திருந்ததை அடுப்பு எரியும் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உடனே உறையைக் கழற்றாதீர்கள், உலோகம் வேர்க்கும். அரைமணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் திறக்கலாம்.

ஆனால் அந்த எண்ணெய் சிலிண்டருக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ உள்ளே விட்டால், அழுத்தச் சூட்டில் அது தீப்பிடித்து வெடிச்சத்தமும் புகையும் வரும். காற்று கசியாமல் தடுக்கும் சீல் கருகும், ஸ்பிரிங் முறியும். பெல்லட் வைக்காமல் வெறுமனே சுடுவதும், ஏற்றிய நிலையில் மணிக்கணக்கில் வைப்பதும் இதே வரிசையில் சேரும் தப்புகள்.

நாளடைவில் தேய்வது சீல்களும் ஸ்பிரிங்கும். சுடும்போது பேரல் முனையும் சிலிண்டரும் சேரும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு வைத்துப் பாருங்கள். அது பறந்தால் அங்குள்ள சீல் போய்விட்டது, அதை மட்டும் மாற்றலாம். காகிதம் அசையாமல் வேகம் குறைந்தால் பிஸ்டன் சீல். சுட்டதும் 'டொய்ங்' என்று அதிர்ந்தால் ஸ்பிரிங்கிலும் அதன் வழிகாட்டியிலும் இடைவெளி. உள்ளே ஸ்பிரிங் ஏற்கெனவே அழுத்தத்தில் இருப்பதால், பின்மூடியைக் கைப்பலத்தில் மட்டும் கழற்றினால் நெற்றியில் பாயும். நீளமான திருகு கிளாம்ப் ஒன்றை லேத் பட்டறையில் செய்துகொண்ட பிறகே திறக்க வேண்டும். டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் வழிகாட்டி கடைந்து வாங்குவதானால் ஸ்பிரிங் அதன் மேல் லேசான பிடிப்போடு நுழைய வேண்டும், தானாக நழுவி விழுந்தால் அதிர்வு போகாது. பூட்டும்போது மாலிப்டினம் கிரீஸ் பிஸ்டனின் பக்கவாட்டிலும் ஸ்பிரிங்கிலும் விரல் தடவும் அளவு போதும், சீலின் முகத்தில் வேண்டாம். பூட்டிய பின் முதல் ஐம்பது அறுபது குண்டு அங்கும் இங்கும் போகும். அது அடங்கும் வரை ஸ்கோப் திருகைத் தொடாமல் இருங்கள்.