அல்சூரில் ஒரு ரூட் கெனால், அதற்கு முன்னால் ஒரு மாத்திரை

டொராண்டோவில் விமானம் ஏறும்போதே இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்துவிட்டது. பெங்களூரு வந்து சேர்ந்த இரவு தூக்கமே இல்லை. காபி பட்டால் உயிர் போனது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் கொஞ்சம் அடங்கியது. ஒன்டாரியோ மாகாண மருத்துவக் காப்பீட்டில் பெரியவர்களின் சாதாரணப் பல் வைத்தியம் சேராது. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், அதாவது பல்லைத் திறந்து உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் வைத்தியம், என்றால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். அல்சூரில் அக்கா வீட்டில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதலில் போனது தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு. மருந்துச் சீட்டு எதுவும் கேட்காமல் காகித உறையில் மாத்திரைகளைக் கலந்து போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். ஓர் ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, பட்டையிலிருந்து பெயர் இல்லாத பக்கமாகக் கத்தரித்த சில குட்டி மாத்திரைகள். "இது என்னங்க?" என்று அக்கா விடாமல் கேட்ட பிறகுதான் "டெக்சா. வீக்கத்துக்கு, மூணு வேளையும் போடுங்க" என்றார். டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. எனக்குச் சர்க்கரை உண்டா, வயிற்றுப் புண் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா உறையை மேஜையிலேயே வைத்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் ரூட் கெனாலுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். தமிழ் நன்றாகப் பேசினார். எக்ஸ்ரே பார்த்து, உள்ளே நரம்பு மீள முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது என்றார். காய்ச்சலோ முக வீக்கமோ இல்லாததால் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றும் சொன்னார். அப்புறம் கேள்விகள். சர்க்கரை, பிரஷர், அல்சர், காசநோய், கண் அழுத்தம், இப்போது ஏதாவது தொற்று. விரலில் குத்தி அங்கேயே சர்க்கரை பார்த்தார். எல்லாம் சரி என்றான பிறகு அவர் எழுதிக் கொடுத்தது எது தெரியுமா? அதே டெக்சாமெத்தசோன்தான். 4 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு, சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால்.

காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். வீங்கிய கீழ்க் கடைவாய்ப் பல்லை மரத்துப்போக வைப்பது கடினம். ஊசி போட்டதும் உதடு மரத்துவிடும், பல் மட்டும் விழித்திருக்கும். அழற்சியால் அங்குள்ள நரம்புகள் அவ்வளவு கூர்மையாகியிருக்கும். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களை இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரையும் தடுக்கும். ஆனால் அது மூடுவது ஒரு குழாயை, ஸ்டீராய்டு மூடுவது தொட்டியின் வால்வையே. டெக்சாமெத்தசோனின் வேலை ஒன்றரை நாளுக்கு மேல் நீடிக்கும். ரூட் கெனாலுக்குப் பின் வலி அதிகமாக இருப்பது முதல் 24 மணி நேரம். இரண்டும் பொருந்திப் போகின்றன. பல்லைத் திறந்து சுத்தம் செய்வதற்கு இது மாற்று இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னார்.

ஊசி போட்டுக் காத்திருந்த பிறகும் அவர் டிரில்லைத் தொடவில்லை. பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்பிரே அடித்துப் பல்லின் மேல் வைத்தார். "கூசுதா?" "இல்லை." பக்கத்துப் பல்லில் வைத்தார், இல்லை. மறுபடி வலித்த பல்லில், இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பல்லை மட்டும் வெளியே காட்டும் ரப்பர் விரிப்பை, ரப்பர் டேமை, மாட்டினார். பாதியில் துள்ளிக் குதிக்க வைத்த வைத்தியங்களை நான் அனுபவித்திருக்கிறேன். இந்தப் பஞ்சு உருண்டைக்காகவே அவரைக் கும்பிடலாம். அன்றிரவு கடிக்கும்போது மந்தமான ஒரு வலி, அவ்வளவுதான். தூக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போனது. ஸ்டீராய்டு அப்படிச் செய்யும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கும் ஒரு பல் பாக்கி இருந்தது. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்துபோனார். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்த நாட்களை அவர் மறக்கவில்லை. டாக்டரம்மா அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. அது கொரோனாவும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் பல நாள் ஸ்டீராய்டும் சேர்ந்து செய்த வேலை, ஒரு வேளை மாத்திரை அதே கணக்கில்லை என்றார். ஆனாலும், "உங்களுக்கு நான் கொடுக்கப் போறதில்லை அம்மா" என்று முடித்துவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை அதிகம், சிறுநீரகமும் பலவீனம். ஒரு டோஸுக்கே சர்க்கரை ஏறும். இப்யூபுரூஃபனும் ஆகாது. அவருக்குப் பல மணி நேரம் மரத்திருக்கும் பூப்பிவகைன் ஊசியும், வீட்டுக்குப் பாராசிட்டமாலும். வலி என்னைவிடக் கூடுதலாகவே இருந்தது, இரண்டு நாளில் தணிந்தது. மூன்று வேளை டெக்சா தந்த அந்தக் கடைக்கு இப்படி எத்தனை அம்மாக்கள் போகிறார்களோ என்றுதான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கிளம்பும் முன் கேப் போட்டாகிவிட்டது. எக்ஸ்ரேக்களையும், கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் எழுதிய ஒரு தாளையும் டொராண்டோ டாக்டரிடம் காட்டச் சொல்லி டாக்டரம்மா கையில் கொடுத்தார்.