டப்ளினிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உண்டு

அத்தான் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் இருந்து வந்தால் சாக்லேட்தான் கொண்டு வருவார், இந்தத் தடவை கூடவே இரண்டு பழைய நாவல்களையும் தூக்கிப் போட்டு, "படிச்சுப் பாருடே, ஆபீஸ்ல நான் யாரோட மல்லுக்கட்டுறேன்னு தெரியும்" என்றார். ராஸ் ஓ'கேரல் கெல்லி வரிசை. எழுதியவர் பால் ஹோவர்ட், ஆனால் கதாநாயகன் ராஸ் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டது போலத்தான் அட்டையில் போட்டிருக்கும். 1998-ல் பத்திரிகைப் பத்தியாக ஆரம்பித்து இருபது புத்தகங்களுக்கு மேல் ஓடிய ஆள் இவன்.

தெற்கு டப்ளின் பணக்கார வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடியதுதான் வாழ்நாள் சாதனை, கல்யாணம் ஆன பிறகும் அதையே அளந்துகொண்டு திரிகிறான். அவன் அம்மா இருக்கிறாளே, வருஷா வருஷம் தங்கள் பகுதிக்கு வரும் ராட்டினப் பொருட்காட்சியை ஊரை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும் லிஃபி ஆற்றுக்கு வடக்கே துரத்த ஒரு இயக்கமே நடத்துகிறாள்! வடக்கு என்றாலே இவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அங்கேயே ராஸுக்கு ஒரு மகன் இருப்பது பின்னால் தெரிய வருகிறது, அந்தப் பொடியன் ரோனன் அப்பனைவிடப் பத்து மடங்கு விவரம். எங்கள் திருநெல்வேலியில் ஆற்றின் மேலுள்ள சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் பக்கம் வந்தாலே முகம் சுளிக்கிற பாளையங்கோட்டைப் பெரியம்மா எனக்கும் உண்டு, அதனால் இதற்கெல்லாம் விளக்கவுரை தேவைப்படவில்லை.

சிரிப்பு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. 'ரைட்' என்பதை 'ரொய்ஷ்' என்பான், அதை அப்படியே எழுத்துக்கூட்டி அச்சடித்திருக்கிறார்கள். முதல் முப்பது பக்கம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, மூடி வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் திருச்செந்தூர் பாசஞ்சரில் மெதுவாக வாய்விட்டுப் படித்தபோது சட்டென்று பிடிபட்டது. நம்மூர்ப் பையன் மெட்ராஸில் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்து 'ஏலே'யை விழுங்கிவிட்டு 'மச்சி' என்று ஆரம்பிப்பான் பாருங்கள், அதே வரவழைத்த பேச்சுதான். எதிர் சீட்டு ஆச்சி பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

இரண்டாவது புத்தகம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2008-ல் வங்கிகள் ஆட்டம் கண்டு, 2010-ல் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்காக நாடே ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்ற காலம். நேற்று வரை வீட்டு விலையைத் தவிர வேறு எதுவும் பேசாதவர்கள் இன்று பழைய கைப்பையை விற்கிறார்கள். ராஸ் கையில் இருப்பதோ ஆவணங்களைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கும் தொழில்! ஊரே கணக்கை மறைக்க ஓடும்போது இவன் கல்லா நிரம்புகிறது, அது ஏன் என்று யோசிக்கிற மண்டைதான் அவனுக்குக் கிடையாது. அந்த இடத்தில் சிரித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குறை உண்டு. பெண்களைப் பற்றி அவன் அடிக்கும் ஜோக்குகள் ஒரு கட்டத்தில் சலித்துப்போகும், கெட்டவார்த்தை வரிக்கு வரி வரும், ஸ்கூல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததும் என் தப்பு, ஒரே ருசியாகிவிட்டது.

அடுத்த தடவை வரும்போது இன்னொன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒன்று போதும் அத்தான், சாக்லேட்டில் கை வைக்க வேண்டாம்.